142 தியேட்டரில் வந்த ஒரு சின்னப் படம்: நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரியில் படப்பிடிப்பு தொடங்கி 2024 அக்டோபரில் கணக்கு முடிந்த ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது இது. படத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம், எல்லோரும் இதே தொழிலில்தான் இருக்கிறோம், நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். நான் அதில் தயாரிப்பு நிர்வாகி. டைட்டில் கார்டில் அப்படிப் போட்டிருந்தாலும் டீ வாங்குவது முதல் சென்சாருக்கு அலைவது வரை எல்லாம் என் வேலைதான். கீழே வரும் தவறான முடிவுகளில் ஒன்று முழுக்க என்னுடையது, அதையும் எழுதியிருக்கிறேன்.

சுயாதீன சினிமாவுக்கும் வெகுஜன சினிமாவுக்கும் இடையில் இருந்த கோடு அழிந்துவிட்டது என்று இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் அது ஒரு பக்கம் மட்டும்தான் அழிந்திருந்தது.

பின்னணி

இயக்குநர் தூத்துக்குடிக்காரர். முத்தையாபுரம் பக்கம் அளத்து வேலைக்குப் போன அம்மாவின் பிள்ளை. கதையும் அதுதான்: உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு நடுவயதுப் பெண், கணவன் இறந்த பிறகு நலவாரியப் பணத்துக்காக நாலு நாள் அலைகிறாள். 94 நிமிடம். பாட்டு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. நடித்தவர் நிஜமாகவே அளத்து வேலை பார்க்கிற ஒரு அக்கா. வெயில் வெள்ளைப் பாத்தியில் பட்டு எதிரடிக்கிறபோது கண்ணை எப்படிச் சுருக்குவார்கள் என்று ஒரு நடிகைக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் நேரமும் இல்லை, காசும் இல்லை.

செலவு 78 லட்சம். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பர் 30 லட்சம் போட்டார். இயக்குநரின் அக்கா வீட்டுக்காரர் நிலத்தை அடமானம் வைத்து 18 கொடுத்தார். மிச்சம் ஐந்தாறு பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. 27 நாள் படப்பிடிப்பு, நேரடி ஒலிப்பதிவு.

யாரும் எங்களிடம் கதையை மாற்று என்று சொல்லவில்லை, ஏனென்றால் சொல்ல யாருமே இல்லை. அந்த அர்த்தத்தில் அது சுயாதீனப் படம். மற்றபடி பெரிய படத்துக்கும் எங்களுக்கும் கருவியில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஒளிப்பதிவாளர் பெரிய ஹீரோ படங்களில் உதவியாளராக இருந்தவர், அங்கே பயன்படுத்தும் அதே கேமராவைத்தான் பாதி வாடகைக்குக் கொண்டுவந்தார். டிஐ என்கிற நிறச் சீரமைப்பு வேலை பெரிய படங்கள் நடக்கும் அதே இடத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சிஸ்டம் சும்மா இருக்கும் நேரத்தில் நடந்தது. மிக்ஸிங்கும் அப்படித்தான். தொழில்நுட்பத்தைப் பார்த்து இது சின்னப் படம், இது பெரிய படம் என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்தக் கோடு போய் பல வருஷம் ஆகிறது.

விழாவிலிருந்து வழங்குபவர் வரை

2022 நவம்பரில் கோவாவில் நடக்கும் திரைப்படச் சந்தையான ஃபிலிம் பஜாரின் வியூயிங் ரூமில் படம் இருந்தது. சின்னச் சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வெளிநாட்டு விழாக்காரர்கள் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் எழுந்து போனால் நமக்கே தெரியும். இருவர் முழுதாகப் பார்த்தார்கள், அதில் ஒருவர் வழியாக 2023 மே மாதம் ஐரோப்பாவில் ஒரு விழாவுக்குப் போனோம், சின்னதாக ஒரு பரிசும் கிடைத்தது. ஊரில் நாளிதழ் செய்தி வந்தது. அதோடு நாங்கள் நினைத்தது, இனி ஓடிடிக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று.

தட்டவில்லை. நாங்கள்தான் போனோம். பேசிய இரண்டு தளங்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: தியேட்டரில் வெளியிட்டுவிட்டு வாருங்கள், யார் வெளியிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து விலை.

ஆகஸ்டில் ஒரு முன்னணி நடிகர் படத்தைப் பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "என் பேர்ல வரட்டும் தம்பி"ன்னு இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டார். நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. அவருடைய நிறுவனம் படத்தை 'வழங்கும்', விளம்பரம், வெளியீடு எல்லாச் செலவையும் அவர்களே போடுவார்கள், வருகிற பணத்தில் அதை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மொத்த வரவில் 15 சதவீதம் கமிஷன், மிச்சம் எங்களுக்கு.

இது புது ஏற்பாடு ஒன்றும் இல்லை. 2013-இல் ஷிப் ஆஃப் தீசியஸ் கிரண் ராவ் பெயரிலும், தி லஞ்ச்பாக்ஸ் கரண் ஜோஹர் பெயரிலும் வந்தன. தமிழில் காக்கா முட்டை 2014-இல் டொராண்டோவில் திரையாகி 2015 ஜூன் 5-ஆம் தேதி தியேட்டருக்கு வந்தபோது, பின்னால் தனுஷும் வெற்றிமாறனும் இருந்தார்கள், வினியோகம் ஃபாக்ஸ் ஸ்டார். படம் நன்றாக ஓடியது. எங்கள் கூட்டங்களில் யார் தயங்கினாலும் இன்னொருவர் காக்கா முட்டையை எடுத்துக் காட்டுவார். அதில் இரண்டு சின்னப் பையன்கள், ஒரு பீட்சா, சிரிப்பு எல்லாம் இருந்தது, எங்கள் படத்தில் ஒரு விதவையும் ஒரு அரசு அலுவலகமும் இருந்தன என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

எதிர் உதாரணமும் கண்முன்னே இருந்தது. கூழாங்கல் 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கி, நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் பின்னால் நின்று, இந்தியாவின் ஆஸ்கார் பரிந்துரையாகவும் போன படம். அது தியேட்டர் பக்கமே வராமல் 2023 அக்டோபரில் நேரடியாக சோனிலிவ்வில் வந்தது. நாங்கள் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த அதே வாரங்கள் அவை. அதை நாங்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, 'நமக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது' என்று எடுத்துக்கொண்டோம்.

கையெழுத்து போட்டோம். அடமான வட்டி ஏறிக்கொண்டிருந்தது, வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை. அந்த முடிவைத் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

மூன்று நிமிட ஷாட்டும் ஆர்ஆர் என்கிற பின்னணி இசையும்

படத்தின் முப்பதாவது நிமிடத்தில் ஒரு ஷாட் இருக்கிறது. அக்கா பலகையால் உப்பை வாரி வரப்புக்கு இழுக்கிறார், திரும்பப் போகிறார், இழுக்கிறார். மூன்று நிமிடம் பத்து விநாடி. பலகை உரசும் சத்தம், காலடியில் உப்பு நொறுங்கும் சத்தம், தூரத்தில் ஒரு லாரி. அவ்வளவுதான். விழாவில் அந்த இடத்தில் யாரும் இருமக்கூட இல்லை.

வழங்குபவரின் நிறுவனத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், படத்துல கை வைக்கச் சொல்லல. அந்த ஒரு எடத்துல மட்டும் ஆர்ஆர் போடலாம். பி, சி சென்டர்ல, சின்ன ஊர்ல எல்லாம், உக்கார மாட்டாங்க." இயக்குநர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு சமரசமாக ஒன்று முடிவானது: விழாவுக்குப் போன பதிப்பு அப்படியே இருக்கும், தியேட்டர் பதிப்பில் நான்கு இடங்களில் மட்டும் பின்னணி இசை, அந்த ஷாட் பாதியாகக் குறையும். நல்ல இசையமைப்பாளர், நன்றாகவே போட்டார். அந்த மேனேஜரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கு முப்பது வருட தியேட்டர் அனுபவம். எங்களுக்கு இருந்தது ஒரு விழா அனுபவம்.

அப்புறம் டிரெய்லர். நலவாரிய அலுவலகத்தில் ஒருவர் மேசையைத் தட்டுகிற காட்சியும், ராத்திரியில் அக்கா கையில் அரிக்கேன் விளக்கோடு நடக்கிற காட்சியும், அந்த ஆர்ஆரும் சேர்ந்து, பார்த்தவர்களுக்குக் கொலைப் படம் மாதிரி இருந்தது. போஸ்டரில் வழங்குபவரின் பெயர் மேலே கொட்டை எழுத்தில், கீழே படத்தின் பெயர் அதில் பாதி அளவு, அக்காவின் முகம் உப்புக் குவியலுக்குப் பின்னால். அக்காவுக்கு அதை வாட்ஸப்பில் அனுப்பினேன். "நல்லாருக்கு தம்பி, அந்த சாரு எந்த சீன்ல வாராரு?" என்று கேட்டார். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். தியேட்டருக்கு வரப்போகிறவர்களும் அதே கேள்வியோடுதான் வருவார்கள் என்று அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எத்தனை தியேட்டர்

இது என் தவறு.

முதலில் இருந்த திட்டம் 25 திரைகள். சென்னை சிட்டி, கோவை, மதுரை, அப்புறம் திருநெல்வேலி கன்னியாகுமரி ஏரியாவில் நாலைந்து. மவுத் டாக் வந்தால் இரண்டாவது வாரம் கூட்டலாம். இயக்குநருக்கு அதுதான் விருப்பம். மேனேஜர் தரப்பு 140 என்றது. காரணங்கள் இருந்தன. டிவி விளம்பரத்துக்குப் பணம் போட்டாயிற்று, அது 25 திரைக்கும் அதே செலவுதான். ஓடிடி பேச்சில் 100 திரைக்கு மேல் வெளியீடு என்றால் ஒரு விலை, கீழே என்றால் ஒரு விலை. மூன்றாவது காரணத்தை யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் அறைக்குள் எல்லோருக்கும் தெரியும்: அந்த நடிகரின் பெயருக்கு 25 தியேட்டர் என்றால் அசிங்கம்.

இயக்குநர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே" என்றார். நான் 140 என்றேன். எனக்கு ஓடிடி விலைதான் கண்ணில் இருந்தது, அடமானம் வைத்த அந்த மனிதர் வாரத்துக்கு ஒருமுறை எனக்குத்தான் போன் செய்வார். ஒவ்வொரு திரைக்கும் டிஜிட்டல் கட்டணம், அதாவது டிஜிட்டல் ப்ரொஜெக்டரில் படம் ஓட்டக் கொடுக்கும் பணம், தனி என்பதைக் கணக்குப் பார்க்காமல் சொன்னேன். 2018-இல் அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படம் வெளியிடாமல் நிறுத்தினார்கள், தொழிலில் இருக்கிற எனக்கு அது மறந்திருக்கக் கூடாது.

2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. 142 திரைகள்.

வெள்ளிக்கிழமை

நானும் இயக்குநரும் தூத்துக்குடியில் இருந்தோம். காலை 10.30 காட்சி, முந்நூறு இருக்கைக்கு மேல் உள்ள அரங்கு, 41 பேர். அதில் பாதி வழங்குபவரின் ரசிகர் மன்றப் பையன்கள், வாசலில் பேனர் கட்டி பட்டாசு போட்டுவிட்டு வந்தவர்கள். எட்டுப் பேர் முத்தையாபுரத்திலிருந்து அக்காவோடு வந்தவர்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு.

முதல் கார்டில் அவர் பெயர் வந்தபோது விசில். பிறகு இருபது நிமிடம் நல்ல அமைதி, எனக்கு நம்பிக்கை வந்தது. உப்பு வாருகிற காட்சியில் ஆர்ஆர் ஏறி இறங்கியது, யாரும் நெளியவில்லை. பிரச்சினை அடுத்த காட்சியில். இசை நின்று, வீட்டுக்குள் அக்கா தனியாகச் சோறு போட்டுச் சாப்பிடுகிற இடம், தட்டின் சத்தம் மட்டும். பின்வரிசையிலிருந்து "சவுண்டு போச்சுடே!" என்று ஒரு குரல். இன்னொருவர் விசில் அடித்தார். கதவைத் திறந்துகொண்டு ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் இல்லை என்று கையசைத்தேன். படம் முழுக்க இசையே இல்லாமல் இருந்திருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் காது அதற்குப் பழகியிருக்கும். நாலு இடத்தில் போட்டதால் மற்ற இடமெல்லாம் பழுது மாதிரிக் கேட்டது. இதே புகார் அன்று சாயங்காலத்துக்குள் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தது.

இடைவேளையில் பையன்கள் கேன்டீனில் எங்களிடமே கேட்டார்கள், "அண்ணன் செகண்ட் ஆஃப்லயா வாராரு?" பாதிப் பேர் திரும்பி உள்ளே வரவில்லை. அக்காவோடு வந்தவர்கள் கடைசி வரை இருந்தார்கள். ஒரு அம்மா வெளியே வந்து இயக்குநரிடம், வரப்புல நிக்கிற அந்த மேஸ்திரி பேசுறது அப்படியே எங்க ஆளு மாதிரியே இருக்கு என்று சொல்லிவிட்டு, மதிய பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

தியேட்டர் மேனேஜர், வயசான அண்ணாச்சி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, இது அவார்டு படம்னா அவார்டு படம்னு சொல்லிப் போட்டிருக்கலாம்லா? நான் சாயங்காலம் ஒரு ஷோ மட்டும் வச்சிருப்பேன். காலையில அந்த அரங்குக்கு ஏசி கரண்டுக்காச்சும் வரணும்லா." இந்த ஆய்வில் நான் சொல்ல நினைப்பதை அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். கேமராவிலும் டைட்டில் கார்டிலும் அழிந்துபோன கோடு, அவருடைய காட்சி நேர அட்டவணையில் அப்படியே இருந்தது. நாங்கள் அது இல்லை என்று நடித்தோம்.

சனிக்கிழமை பல ஊர்களில் ஷோ பிரேக். பத்துப் பேர் வராததால் காட்சியே போடவில்லை. திங்கட்கிழமை காலை டிசிஆர் என்கிற அன்றாட வசூல் கணக்கு வந்தபோது 38 திரைகள். இரண்டாவது வெள்ளி, ஆறு.

அந்த ஆறில் ஒன்று சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸ், மாலை ஏழு மணிக் காட்சி. அதற்குள் விமர்சனங்கள் வந்திருந்தன, சரியான ஆட்கள் சரியாக எழுதியிருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் 190 இருக்கையும் நிறைந்தன. படம் முடிந்து இயக்குநர் முக்கால் மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மூன்றாவது வாரம் அதே காட்சி நேரம் கேட்டோம், அதற்குள் வேறு பெரிய படம் வந்துவிட்டது, காலை 9.15 தருகிறோம் என்றார்கள். கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் எப்போது வரும் என்று கேட்டார்கள். அங்கே முதல் வாரமே வந்து போய்விட்டது என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பணம்

190 ரூபாய் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டில் அடிப்படை விலை 150. 18 சதவீத ஜிஎஸ்டி, அப்போது தமிழ்ப் படத்துக்கு இருந்த 8 சதவீத உள்ளாட்சி கேளிக்கை வரி, இவையெல்லாம் மேலே. அந்த 150-இல் முதல் வாரம் ஏறக்குறைய பாதி நம் பக்கம் வரும், வாரம் ஏற ஏறக் குறையும். சிங்கிள் ஸ்கிரீனில் இன்னும் கம்மி. தியேட்டர்காரர்கள் பங்கு போக எங்களுக்குத் தமிழ்நாடு முழுக்க வந்த ஷேர் 19 லட்சம்.

ஓடிடி 90 லட்சம். ஆக 109. விளம்பரமும் வெளியீடும் 1 கோடியே 12 லட்சம். நட்சத்திர ஓட்டலில் நடந்த டிரெய்லர் வெளியீட்டு விழாவின் பில், 27 நாள் படப்பிடிப்பில் எழுபது பேருக்குப் போட்ட சாப்பாட்டுச் செலவைவிட அதிகம். இதோடு மொத்த வரவில் 15 சதவீதக் கமிஷன் 16 லட்சத்துச் சொச்சம். கணக்கில் ஏறக்குறைய 19 லட்சம் துண்டு விழுந்தது. அதை எங்களிடம் கேட்கவில்லை, வழங்குபவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் 78 லட்சம் போட்டவர்களுக்குத் திரும்பி வந்தது விழாப் பரிசும் திரையிடல் கட்டணமுமாகச் சேர்ந்த நாலரை லட்சம்.

ஆட்களுக்கு நடந்தது வேறு கதை. ஒளிப்பதிவாளர் இப்போது ஒரு பெரிய ஹீரோவின் படத்தில் இருக்கிறார். அக்கா மூன்று படங்களில் கதாநாயகியின் அம்மாவாக நடித்துவிட்டார், ஒரு நாள் சம்பளம் அளத்தில் ஒரு மாதத்துக்கு வாங்குவதைவிட அதிகம். அதிலும் ஒரு படத்தில் அவருக்கு டப்பிங் குரல் போட்டார்கள். தூத்துக்குடிப் பேச்சு புரியாதாம்.

இன்றைக்குச் செய்தால்

கமிஷன் செலவு போக மிஞ்சியதில் இருந்துதான் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இது எந்தப் படத்துக்கும் பொருந்தும், நாங்கள் வக்கீலிடம் காட்டாமல் போட்டது முட்டாள்தனம்.

ஆர்ஆர் போட்டால் முழுக்க, இல்லையென்றால் முழுக்க இல்லாமல். எங்கள் படம் வந்த ஆறாவது மாதம் கொட்டுக்காளி வந்தது, கூழாங்கல் இயக்குநரின் அடுத்த படம், சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி நடித்தது, பின்னணி இசையே கிடையாது. ஆகஸ்ட் 23, வாழை படம் வந்த அதே நாள். அந்தப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்க வேண்டுமா என்று திரைத்துறைக்குள்ளேயே பேச்சு எழுந்தபோது எனக்கு அண்ணாச்சிதான் ஞாபகத்துக்கு வந்தார். கொண்டுவரலாம் என்பதுதான் என் எண்ணம், எத்தனை அரங்கில் எந்த நேரத்துக் காட்சியில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தங்கள் அமைதியைப் பாதியில் விற்கவில்லை என்பதைப் பார்த்தபோது எங்கள் இயக்குநர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

தேதி பற்றியும் யோசித்திருக்க வேண்டும். பிப்ரவரி உப்பு சீசன் தொடங்குகிற நேரம், யாருடைய வாழ்க்கையைப் படமெடுத்தோமோ அவர்களால் வர முடியாது. மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலை இருக்காது, வந்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அக்காவிடம் கேட்டபோது அவர், அப்ப நேரம் இருக்கும் தம்பி, டிக்கெட்டுக்குக் காசு இருக்காது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மாதங்களில் அளங்கள் இருக்கும் ஊர்களிலேயே இலவசத் திரையிடல் வைப்பது என்று இப்போது பேசி வைத்திருக்கிறோம்.

இயக்குநரின் இரண்டாவது படத்துக்கு 2025-இல் ஒப்பந்தம் போட்டார்கள். பட்ஜெட் மூன்றரைக் கோடி, அதே நடிகரின் நிறுவனம், இந்த முறை வழங்குவது மட்டும் இல்லை, தயாரிப்பே அவர்கள்தான். கிடைத்த முன்பணத்தில் இயக்குநர் முதல் வேலையாக அடமான நிலத்தை மீட்டார். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் உட்கார்ந்துகொண்டேன்: முதல் வாரம் 30 திரைக்கு மேல் கூடாது, எல்லாம் மாலைக் காட்சி. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முப்பதா? சார் பேருக்கா?" என்றார். இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் நாற்பத்தைந்து என்று பேனாவால் திருத்தி, பக்கத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்து போட்டிருக்கிறோம்.